விருந்து மூன்று நாள், மீதி பத்து மாதம்

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்பது நம் வீடுகளில் புழங்கும் பழமொழி. மூன்று நாளைத் தாண்டித் தங்குகிறவரை அதற்கு மேல் விருந்தாளி என்று சொல்ல முடியாது. ஒன்று அவர் வீட்டுக்குப் பாரமாவார், இல்லையென்றால் வீட்டு மனிதராவார்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெட்டியோடு விமானம் ஏறுகிறார்கள். முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்தின் வீட்டில் போய் இறங்குகிறார்கள். ஏறத்தாழ பத்து மாதம் அந்த வீட்டில் சாப்பிட்டு, அந்த ஊர்ப் பள்ளியில் படித்து, அந்த ஊர் மொழியில் திணறிவிட்டுத் திரும்புகிறார்கள். ‘எக்ஸ்சேஞ்ச்’ மாணவர்கள் என்று அவர்களைச் சொல்கிறோம். ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு ‘ஹோஸ்ட்’ குடும்பம் என்று பெயர்.

பல்கலைக்கழகப் படிப்புக்காக வெளிநாடு போவதைப் பற்றித் தமிழில் நிறையப் பேசியிருக்கிறோம். பள்ளி வயதில் போவதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். இந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது, அந்த வீட்டிலும் பள்ளியிலும் என்ன நடக்கிறது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, ஆபத்து எங்கே இருக்கிறது, நம் பிள்ளைகள் ஏன் இதில் குறைவு ஆகிய கேள்விகளை இக்கட்டுரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. இந்த ஆண்டின் பயன் முழுவதும் விருந்தாளிக்குரிய அந்த மூன்று நாள் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. ஆபத்தும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இதுவே இக்கட்டுரை வந்தடையும் முடிவு.

போர்க்களத்திலிருந்து வந்த யோசனை

இன்று உலகின் மிகப் பழைய மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் ஒன்றாக இருக்கும் ஏ.எஃப்.எஸ்., தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தோடு சம்பந்தமே இல்லாதது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல், பிரெஞ்சு ராணுவத்தின் காயம்பட்ட வீரர்களை ஏற்றிச் செல்ல அமெரிக்க இளைஞர்கள் தன்னார்வமாக ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். பியாட் ஆண்ட்ரூ என்பவர் அவர்களை ஒருங்கிணைத்தார். அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் என்ற அந்தப் பெயரின் சுருக்கமே ஏ.எஃப்.எஸ். இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலை தொடர்ந்தது. இரண்டு போர்களிலும் மனித உடல் சிதைவதை அருகிருந்து பார்த்தவர்கள், போர் முடிந்ததும் வேறொன்றை யோசித்தார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் ஓராண்டு சாப்பிட்டு வளர்ந்தால், அந்த நாட்டின்மேல் துப்பாக்கி தூக்க அதற்குக் கை வருமா? ஸ்டீபன் கலாட்டியின் தலைமையில் 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்தார்கள்.

1951-இல் ரேச்சல் ஆண்ட்ரெசென் என்ற பெண்மணியின் முயற்சியால் ஜெர்மனியிலிருந்து 75 பதின்வயதினர் மிச்சிகன் மாநிலக் குடும்பங்களுக்கு வந்தார்கள். போர் முடிந்து ஆறே ஆண்டுகள். மகனைப் போரில் பறிகொடுத்த வீடுகள் அமெரிக்காவில் இன்னும் துக்கம் ஆறாமல் இருந்த காலம். அந்த நேரத்தில் ஜெர்மானியப் பிள்ளைக்குச் சோறு போடுவது சாதாரணக் காரியமாக இருந்திருக்காது. அந்த முயற்சியே யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங் என்ற அமைப்பாக வளர்ந்தது. ரோட்டரி சங்கங்கள் இதற்கும் முன்பே, 1920-களின் கடைசியில், ஐரோப்பாவில் சிறிய அளவில் இதைத் தொடங்கியிருந்தன.

பிறகு அரசுகள் உள்ளே வந்தன. ஜெர்மானியர்கள் அமெரிக்காவில் குடியேறத் தொடங்கி 300 ஆண்டுகள் ஆனதையொட்டி 1983-இல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தன. சோவியத் ஒன்றியம் உடைந்தபின், அமெரிக்க செனட்டர் பில் பிராட்லியின் முயற்சியில் ஃபிளெக்ஸ் திட்டம் வந்தது. 1993 முதல் முன்னாள் சோவியத் நாடுகளின் பிள்ளைகள் அமெரிக்க வீடுகளுக்கு வந்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளை மனத்தில் வைத்து ‘யெஸ்’ என்ற கென்னடி–லூகர் திட்டம் உருவானது. இந்தியாவும் அதில் சேர்ந்தது.

இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொரு பெரும் பகைக்குப் பின்னும் நாடுகள் தம் பிள்ளைகளை நம்பியிருக்கின்றன. பகை திரும்பும்போது முதலில் அடைபடுவதும் பிள்ளைகளின் வழிதான். 2014-இல் ரஷ்யா ஃபிளெக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. நோயும் அதே வழியை அடைத்தது: 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, உலகெங்கும் இருந்த மாணவர்கள் ஆண்டின் நடுவிலேயே அவசரமாக ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். விடைபெறக்கூட நேரம் கிடைக்காதவர்கள் அவர்களில் பலர்.

வீடு

இந்த ஏற்பாட்டின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜே-1 விசாவில் வரும் பள்ளி மாணவரை ஏற்கும் குடும்பத்துக்குப் பணம் தரக் கூடாது. ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகளின் வழக்கமும் அதுவே. நியூசிலாந்து, கனடா, அயர்லாந்து போன்ற நாடுகளில் வாராவாரமோ மாதாமாதமோ கட்டணம் வாங்கிக்கொண்டு மாணவரைத் தங்கவைக்கும் ‘ஹோம்ஸ்டே’ முறை பரவலாக இருக்கிறது. அதில் பிள்ளை வாடகைக்கு இருப்பவர். சாப்பாடு சரியில்லை என்றால் கேட்க உரிமை உண்டு. பணம் கைமாறாத வீட்டிலோ உரிமை வேறு விதமாகச் சம்பாதிக்கப்படுகிறது. பாத்திரம் கழுவ வேண்டும், நாயை நடத்திக்கொண்டு போக வேண்டும், ஹோஸ்ட் தம்பியோடு தொலைக்காட்சிக்குச் சண்டை போட வேண்டும், பிறகு சமாதானமாக வேண்டும்.

முதல் வாரத்துச் சாப்பாட்டு மேசை ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். வட ஜெர்மனியின் ஒரு வீடு, மாலை ஆறரை மணி. இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு எரியவில்லை. மேசையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய்த் துண்டுகள். ஹோஸ்ட் அம்மா நம் ஊர்ப் பிள்ளையிடம் கேட்கிறார்: “இன்னும் ஒரு துண்டு வேண்டுமா?” பிள்ளை நம் வழக்கப்படி, “போதும்” என்கிறது. நம் வீட்டில் ‘போதும்’ என்பது பேச்சின் தொடக்கம். “என்னடா போதும், வளர்ற பிள்ளை, இன்னும் ஒண்ணு வெச்சுக்கோ” என்று மறுபடி விழும். அங்கே ‘போதும்’ என்றால் போதும்தான். ரொட்டிக் கூடை மூடப்படுகிறது. பிள்ளை அரை வயிற்றோடு படுக்கப் போகிறது.

யாருக்கும் அன்பு குறைவில்லை. இந்த வீடு மதிப்பது ஒருவர் சொன்ன சொல்லை; நம் வீடு மதிப்பது சொல்லாத பசியை. இந்த வேறுபாட்டை எந்தப் பாடநூலும் கற்றுத்தராது. மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளை, “வேண்டும், இன்னும் இரண்டு” என்று வாய்விட்டுக் கேட்கும் அந்த நிமிடத்தில் விருந்தாளி போய் வீட்டுப் பிள்ளை வருகிறது.

ஜப்பானில் இதே பாடம் குளியலறையில் நடக்கும். அங்கே தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவார்கள். வீட்டில் உள்ள எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக அதே நீரில் ஊறுவார்கள். விஷயம் தெரியாத பிள்ளை முதல் ஆளாகக் குளித்துவிட்டு, சுத்தமாக இருக்கட்டும் என்று தொட்டி நீரை முழுவதும் திறந்துவிடும். பின்னால் காத்திருக்கும் பாட்டிக்கு வெந்நீர் இல்லை. பிள்ளை நல்லதென்று நினைத்துச் செய்த காரியம். பழக்கம் வேறு, அவ்வளவுதான்.

அதே ஜப்பானிய வீட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உடனே பிடிபடும் ஒன்று உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர் ‘இத்தெக்கிமாஸ்’ என்பார்கள். போய்விட்டு வருகிறேன் என்பது அதன் நேர்ப்பொருள். வீட்டிலிருப்பவர், போய்விட்டு வா என்ற பொருளில் ‘இத்தெராஷ்ஷாய்’ என்று பதில் சொல்வார். ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல வேண்டும் எனப் பாட்டி திருத்தி வளர்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பள்ளி

வீட்டுக்கு அடுத்து பள்ளி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்கு ஓர் அறை, வரலாற்றுக்கு ஓர் அறை என்று மணிக்கொரு முறை மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, பக்கத்தில் ஆண்டு முழுவதும் அதே தோழன் என்ற நம் ஊர் ஏற்பாடு அங்கே இல்லை. அதனால் நட்பு தானாக வந்து உட்காராது. மதிய உணவு நேரத்தில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, எந்த மேசையில் இடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் அந்த அரை நிமிடத்தைத்தான் பல மாணவர்கள் அந்த ஆண்டின் மிக நீண்ட நேரமாக நினைவுகூர்கிறார்கள். முதல் நாள், “எந்த நாடு?” என்று ஆவலோடு சூழ்ந்துகொண்டவர்கள் இரண்டாம் வாரம் தங்கள் பழைய மேசைக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அது இன்னொரு சாதாரண ஆண்டு.

பாடகர் குழு, ஓட்டப்பந்தயக் குழு, நாடகம் என்று ஏதாவது ஒன்றில் சேரும்படி அனுபவமுள்ள ஒருங்கிணைப்பாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். பேச வராத பிள்ளையும் சேர்ந்து ஓட முடியும், சேர்ந்து பாட முடியும். நண்பர் கூட்டம் அங்கிருந்துதான் உருவாகிறது.

கைபேசி இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. முன்பு ஒரு கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அழுத கண்ணீர் காய்ந்த பிறகுதான் அம்மாவுக்குச் செய்தி தெரியும். இன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் ஊரோடு பேசலாம். அப்படிப் பேசும் பிள்ளையின் உடல் ஒரு நாட்டிலும் மனம் இன்னொரு நாட்டிலுமாக இருக்கும். வீட்டோடு பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பரிமாற்ற அமைப்புகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கைபேசிதான் ஒரே வழி. பேச்சைக் குறைக்கச் சொல்லலாம், பறிக்கக் கூடாது.

ஆய்வுகள் சொல்வது

அயல்நாட்டில் வாழ்பவரின் மனநிலைக்கு ஒரு வரைபடம் உண்டா என்ற கேள்வி 1950-களிலேயே எழுந்தது. நார்வே சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேஜியர்களிடம் விசாரித்து 1955-இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்திப்போயிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் சிரமப்பட்டார்கள். முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மீட்சி என்ற ‘யூ’ வடிவக் கோடு இப்படித்தான் வந்தது. மானிடவியலாளர் கலர்வோ ஓபெர்க் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்ற சொல்லைப் பரவலாக்கினார். 1963-இல் கல்லஹார்ன் தம்பதியர் அந்தக் கோட்டை ‘டபிள்யூ’ ஆக நீட்டினார்கள்: ஊர் திரும்பிய பிறகு இன்னொரு சரிவு உண்டு என்றார்கள்.

லிஸ்கார்டின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு சங்கடம் வருகிறது. பரிமாற்ற மாணவரின் பத்து மாதத் தங்கல் அந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகிறது. ஏறி வருவதற்குள் விமானச் சீட்டின் தேதி வந்துவிடும். ஆனால் அவர் விசாரித்தவர்கள் புலமைப் பரிசில் பெற்றுப் போனவர்கள், வீட்டுப் பிள்ளையாக யாரிடமும் வளராதவர்கள். பின்னாளில் காலீன் வார்டும் அவரோடு ஆய்ந்தவர்களும் நியூசிலாந்தில் ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்து, சிரமம் மிக அதிகமாக இருப்பது தொடக்கத்தில்தான் என்று கண்டார்கள். ஆக, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே கோடு கிடையாது. ‘மூன்றாவது மாதம் அழுவாய், ஆறாவது மாதம் சரியாகிவிடும்’ என்று பிள்ளையிடம் அட்டவணை கொடுக்காமல் இருப்பதே நல்லது. நான்காவது மாதமும் அழுகிற பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிவிடும்.

பலனைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. ஜெர்மன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, பரிமாற்றத்தில் போனவர்களின் தன்மதிப்பு, வீட்டிலேயே இருந்தவர்களைவிட உயர்ந்ததைக் கண்டது. போன இடத்தில் தான் சேர்த்துக்கொள்ளப்பட்டதாக உணர்வது இதில் முக்கியப் பங்கு வகித்தது. மிட்செல் ஹாமர் 2005-இல் ஏ.எஃப்.எஸ். மாணவர்களை, ஊரிலேயே இருந்த அவர்களின் நண்பர்களோடு ஒப்பிட்டார். வேற்றுப் பண்பாட்டினரோடு பழகும்போது எழும் பதற்றம் போய்வந்தவர்களிடம் குறைந்திருந்தது, மொழித்திறன் கூடியிருந்தது.

இவற்றைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. போகத் துணிகிற பிள்ளையும் அனுப்ப முடிகிற குடும்பமும் ஏற்கெனவே சற்று வேறுபட்டவர்கள். ஆகவே எல்லாப் பலனையும் அந்த ஓராண்டின் கணக்கில் எழுத முடியாது.

பெரிய பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படுவதும் இந்தத் துறையில் வழக்கம். ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவரான கிறிஸ்டின் லகார்ட் 1970-களில் ஏ.எஃப்.எஸ். மாணவியாக அமெரிக்காவின் மேரிலாந்தில் படித்தவர். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த பான் கி-மூன், கொரியப் பள்ளி மாணவராக 1962-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் திட்டத்தில் அமெரிக்கா போய், கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அதிபர் கென்னடியையும் சந்தித்தவர். இவை உண்மைதான். என்றாலும் இந்த ஏற்பாட்டை அளக்க இவை சரியான படி ஆகா. முப்பது ஆண்டு கழித்து ஹோஸ்ட் அம்மாவின் சாவுக்குக் கடல் தாண்டிப் போய் நிற்கிற, யாருக்கும் பெயர் தெரியாத ஒருவரே நல்ல படி.

ஆபத்து

1992 அக்டோபர் 17. லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரம். நகோயாவிலிருந்து வந்திருந்த பதினாறு வயது ஏ.எஃப்.எஸ். மாணவர் ஹத்தோரி யோஷிஹிரோவும் அவருடைய ஹோஸ்ட் சகோதரனும் ஹாலோவீன் விருந்துக்குப் புறப்பட்டார்கள். முகவரி குழம்பி, அதே தெருவில் வேறொரு வீட்டின் முன் போய் நின்றார்கள். பயந்துபோன வீட்டுக்காரர் கைத்துப்பாக்கியோடு வெளியே வந்து ‘ஃப்ரீஸ்’ என்றார். ‘அசையாதே’ என்பது அந்த இடத்தில் அதன் பொருள். அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளோ ‘உறைதல்’. யோஷிஹிரோ முன்னே நடந்தார். ஒரே குண்டில் இறந்துபோனார். குற்றவியல் வழக்கில் சுட்டவர் விடுவிக்கப்பட்டார். உரிமையியல் வழக்கில் இழப்பீடு தர உத்தரவாயிற்று.

யோஷிஹிரோவின் பெற்றோர் செய்ததுதான் இக்கட்டுரை எழுதும்போது என்னை மிகவும் உலுக்கியது. அமெரிக்க வீடுகளிலிருந்து துப்பாக்கியை அகற்றக் கோரி ஜப்பானில் சுமார் பதினேழு லட்சம் கையெழுத்துகளைத் திரட்டி, 1993-இல் அதிபர் கிளின்டனை நேரில் சந்தித்தார்கள். அதோடு நிற்கவில்லை. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து ஒரு வீட்டில் தங்கிப் படிக்க, மகன் பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். மகனைக் கொன்ற நாட்டின் பிள்ளைக்குத் தங்கள் நாட்டின் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார்கள். 1947-இல் ஆம்புலன்ஸ் ஓட்டிகள் நினைத்தது இதைத்தான்.

2018 மே 18 அன்று டெக்சாஸின் சான்டா ஃபே பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், ‘யெஸ்’ திட்டத்தில் கராச்சியிலிருந்து வந்திருந்த பதினேழு வயது மாணவி ஒருவரும் இறந்தார். அவர் ஊர் திரும்பச் சில வாரங்களே இருந்தன.

இப்படிச் செய்தியாகும் ஆபத்துகள் அரிது. செய்தியாகாதவை வீட்டுக்குள் நடக்கின்றன. 2009-இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில், பரிமாற்ற மாணவர்கள் சிலர் வாழத் தகுதியற்ற வீடுகளில், போதிய உணவின்றி வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அதன் பிறகு அமெரிக்க அரசு 2010-இல் விதிகளை இறுக்கியது: ஹோஸ்ட் வீட்டில் உள்ள வயதுவந்த எல்லாருக்கும் குற்றப்பின்னணிச் சோதனை, வீட்டின் புகைப்படங்கள், மாதம் ஒரு முறையாவது மாணவரோடு தொடர்பு. மாணவரின் வீட்டிலிருந்து 120 மைல் தூரத்துக்குள் ஒரு பிரதிநிதி இருந்தாக வேண்டும்.

விதிகள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் ஒரு முடிச்சு அவிழாமலே இருக்கிறது. ‘வீட்டுப் பிள்ளையாக இரு, அனுசரித்துப் போ’ என்று சொல்லி அனுப்பப்படும் பிள்ளைக்கு, எது அனுசரிக்க வேண்டியது, எது உடனே வெளியே சொல்ல வேண்டியது என்று பிரித்தறிவது கடினம். உப்புச் சப்பில்லாத சாப்பாட்டை அனுசரிக்கலாம். பூட்டு இல்லாத குளியலறையை, இரவில் கதவைத் திறக்கும் கையை அனுசரிக்கக் கூடாது. இந்தப் பட்டியலைப் புறப்படுவதற்கு முன்பே, வெட்கப்படாமல், தாயும் தகப்பனும் உட்கார்ந்து பிள்ளையோடு பேசியாக வேண்டும். குடும்பத்தை மாற்றிக்கொள்வது தோல்வி ஆகாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மாணவரை ஒரே வீட்டில் வைக்காமல் ஆண்டுக்குள் இரண்டு மூன்று வீடுகளுக்கு மாற்றும் ரோட்டரியின் வழக்கத்தில் இந்த ஒரு நன்மை உண்டு: வீடு மாறுவது அங்கே யாருக்கும் அவமானமாகத் தெரியாது.

நம் பக்கம்

பதினைந்திலிருந்து பதினெட்டு வரையான வயது தமிழ்நாட்டில் பொதுத்தேர்வின் வயது. பத்தாம் வகுப்பு முடிந்தால் பன்னிரண்டு, கூடவே நுழைவுத் தேர்வுகள். இதற்கு நடுவில் ஓராண்டை எடுத்து வெளிநாட்டு வீட்டில் செலவிடுவது பெரும்பாலான பெற்றோருக்கு ‘ஒரு வருஷம் வீண்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இத்தாலியில் ஐந்தாண்டு உயர்நிலைப் படிப்பின் நான்காம் ஆண்டை வெளிநாட்டில் கழிப்பது வழக்கமான ஒன்று. திரும்பும் மாணவரை எப்படி மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 2013-இல் பள்ளிகளுக்கு வழிகாட்டியது. திரும்பி வந்து நிற்க ஓர் இடம் உண்டென்று தெரிந்தால்தான் பெற்றோர் அனுப்புவார்கள். அந்த இடத்தை உருவாக்குவது அரசின் வேலை.

இரண்டாவது தடை பணம். முழு உதவித்தொகை உள்ள திட்டங்களில் இடம் சிலருக்கே கிடைக்கிறது. மீதி வழிகள் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கதவு திறக்காத வரை, இது உலக சமாதானத்துக்கான திட்டம் என்ற பேச்சு பாதி உண்மைதான்.

ஆனால் வேற்று வீட்டில் தங்கிப் படிப்பது நமக்குப் புதிதல்ல. உயர்நிலைப் பள்ளி இல்லாத கிராமத்திலிருந்து நகரத்து அத்தை வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் வந்து படித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. ‘வாரச் சாப்பாடு’ என்று நாளுக்கொரு வீட்டில் சாப்பிட்டுப் படித்தவர்களின் கதைகளும் உண்டு. யார் வீட்டில் எப்போது பசிக்கிறது என்று சொல்லலாம், எந்த வீட்டில் விளக்கை எப்போது அணைக்க வேண்டும், எங்கே பேச வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று கற்றவர்கள் அவர்கள். பட்ட அவமானங்களையும் மறக்கவில்லை, சோறு போட்ட கைகளையும் மறக்கவில்லை. சாதி பார்த்துத் திறந்த கதவுகளும் மூடிய கதவுகளும் அந்தக் கதைகளில் உண்டு. அந்த அனுபவத்தைச் சொந்தமும் சாதியும் தாண்டி விரித்தால் கிடைப்பதுதான் பரிமாற்ற ஆண்டு.

பிள்ளையை அனுப்புவதற்கு முன்பே இதில் நாம் சேர ஒரு வழி உண்டு: நம் வீட்டில் ஒரு பிள்ளையை ஏற்பது. பணம் இல்லாமல், ‘வெளிநாட்டு விருந்தாளி’ என்று நாற்காலியில் உட்காரவைக்காமல், கறிவேப்பிலை வாங்கிவரக் கடைக்கு அனுப்பி, பரீட்சைக்குப் படிக்கவில்லையென்று திட்டி வளர்ப்பது. ஏற்ற வீட்டுக்குத்தான், அனுப்பும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

திரும்புதல்

அந்த ஆண்டின் கடைசிப் பாடம் ஊரில் நடக்கிறது. திரும்பிய முதல் இரவு, தன் வீட்டு மேசையில், அம்மா இன்னொரு இட்லி வைக்க வருகிறார். பிள்ளை, “வேண்டாம்” என்கிறது, உண்மையிலேயே வேண்டாம். அம்மா வைக்கிறார். ஒரு நொடி பிள்ளைக்குச் சுருக்கென்கிறது: நான் சொன்னது கேட்கவில்லையா? அடுத்த நொடி புரிகிறது. இரண்டு வீடுகளின் அன்பையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க இப்போது அதற்குத் தெரியும். முதல் வீட்டில் மட்டும் வளர்ந்திருந்தால் அந்த இட்லி வெறும் இட்லியாகவே இருந்திருக்கும்.

பத்து மாதத்துக்கு முன் விமான நிலையத்தில் அந்தப் பிள்ளை நம்மிடம் ‘போயிட்டு வரேன்’ என்றது. இப்போது, கடல் தாண்டிய இன்னொரு வீட்டு வாசலிலும் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் அதை உண்மையாகச் சொல்ல முடிகிற ஒரு மனிதரை உருவாக்க அந்த ஓராண்டு செலவானால், அந்த ஆண்டை வீண் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.